அன்றைக்கு உள்ளே இருந்தவர்கள்

அந்த மண்டபத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தாலும் ஐந்நூறு பேருக்கு மேல் கொள்ளாது. ஆனால் தொப்பிக்காரர்கள் வந்து பாடிய சாயங்காலம் தாங்கள் உள்ளே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களைக் கணக்கெடுத்தால் ஊரில் பாதிப் பேர் தேறுவார்கள். அதில் சிலர் அப்போது பிறந்தே இருக்கவில்லை. அம்மா வயிற்றுக்குள் இருந்தபடியே கேட்டார்கள் போலிருக்கிறது.

தொப்பிக்காரர்கள் என்பது, நெற்றியை மூடித் தொப்பி மாதிரி தொங்கிய முடிக்காக அந்த நான்கு பாடகர்களுக்கு ஊர் வைத்த செல்லப் பெயர். அப்போது ரேடியோவைத் திருப்பினால் அவர்கள் குரல், முடிதிருத்தும் கடைச் சுவரில் அவர்கள் படம். பெரிய நகரம் ஒன்றுக்குப் பாடப் போகிற வழியில் பாலம் உடைந்து, அவர்கள் வண்டி இந்த ஊரில் நிற்கும்படி ஆனது. மண்டபத்து ஓனர் விடுதிக்கு ஓடிப்போய், காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, ஒரு சாயங்காலம் பாட ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். அது நடந்து நாற்பது வருடம் ஆகிறது. ஊர் இன்னும் அதை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறது.

மண்டபத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜர் சின்னப் பெண். முன்கூடத்துச் சுவர் முழுக்க அந்த நாளைப் பற்றிய நினைவுகளை வைக்கப்போவதாக அறிவித்தாள். அன்றைக்கு உள்ளே இருந்தவர்கள் வந்து பேசினால் அவள் பதிவு செய்துகொள்வாள். ஆளின் படத்தைச் சுவரில் மாட்டுவாள். பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் அவர் குரல் கேட்கும். அறிவித்த மறுநாளே வாசலில் வரிசை நின்றது. முதல் நாள் பேசியவர்களில் ஒருவர் தொப்பிக்காரர்கள் ஐந்து பேர் என்றார். இன்னொருவர் அவர்களில் ஒருத்தி தனக்குக் கை கொடுத்ததாகச் சொன்னார். நால்வரும் ஆண்கள். மேனேஜருக்குத் தலை சுற்றியது. யாரோ சொன்னார்கள், கேட் அக்காவைக் கூப்பிடு என்று.

கேட் அக்காவுக்கு இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இளம் பெண்ணாக அந்த மண்டபத்து வாசலில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தவள், ஓய்வு பெறும்வரை அந்த வாசலை விட்டு நகரவில்லை, கேட் அக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். சந்தேகம் என்பது அவளுக்கு உடம்போடு பிறந்தது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலில் தொட்டுப் பார்க்காமல் அடுப்பில் ஏற்றமாட்டாள். ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டிக் கேட்பாள். மகள் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியபோது, பள்ளிக்கூடத்துக்கே போய் விசாரித்துவிட்டு வந்துதான் குழந்தையை முத்தமிட்டாள். தொப்பிக்காரர்கள் வந்த அன்று அந்தக் கூட்டத்தில், அந்த நெரிசலில், கள்ள டிக்கெட்டோடு வந்தவர்களை ஒருவர் விடாமல் பிடித்துத் திருப்பி அனுப்பினாள் என்பது ஊருக்கே தெரிந்த கதை. அந்தக் கதை அவளுக்குக் கழுத்துச் சங்கிலி மாதிரி. போடாமல் வெளியே கிளம்பமாட்டாள்.

மேனேஜர் கூப்பிட்டதும் அவளுக்கு மீண்டும் வேலை கிடைத்த சந்தோஷம். மேனேஜருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்களை ஆற அமரப் பேசவிடுவாள். அவர்கள் அளந்துவிடுவதையெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "வெளியில வரும்போது உங்க தலைமுடி எப்படி இருந்தது?"

வியர்வையில் நனைந்திருந்தது என்பார்கள் சிலர். தொப்பிக்காரர்கள் மாதிரியே சீவியிருந்தேன் என்பார் ஒருவர். அவர்களுக்கெல்லாம் டீ கொடுத்து அனுப்பிவிடுவாள். உண்மையில் உள்ளே இருந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிடுவார்கள். முதல் பாட்டில் டிரம்மை அடித்த அடியில் கூரையிலிருந்த பழைய சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்து, வெளியே வந்த இளவட்டங்கள் எல்லாம் கிழவர் கிழவிகளாக வந்தார்கள். அது எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை. கூரையின் லட்சணம் வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று ஓனர் வேலையாட்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட் அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஓனர் செத்துப்போய், கூரையையும் மாற்றிக் கட்டியாயிற்று. அப்புறமும் அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, வீட்டுக்காரரிடம்கூட.

வீட்டுக்காரர் பல் செட் கட்டுபவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. ஊரில் பல் போனவர்கள் எல்லாம் அவர் கட்டிய பல்லால்தான் சிரிக்கிறார்கள். அவருடைய சொந்தப் பல்லில் ஒன்று தெத்திக்கொண்டு நிற்கும். அதை மட்டும் அவர் சரி செய்துகொள்ளவே இல்லை. தொப்பிக்காரர்கள் பாடிய மறுநாள் மண்டபத்துக்கு வந்து, "நேத்து வந்திருந்தேன், ரொம்ப நல்லா இருந்தது, உங்களை கேட்ல பாத்தேன்" என்று அவளிடம் தெத்துப்பல் தெரியச் சொன்னவர் அவர். அதற்கப்புறம் மண்டபத்தில் எது நடந்தாலும் வந்தார். ஒரு வருடத்தில் கல்யாணம். தானம் கொடுத்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற கேட் அக்கா, இந்த மனிதரை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். தன் சந்தேக புத்தியைப் பற்றி யாராவது கேலி செய்தால், "எங்க வீட்டுக்காரரை நான் சந்தேகப்பட்டிருக்கேனா, சொல்லுங்க" என்பாள். அது உண்மைதான்.

வேலை இரண்டு மூன்று நாள் நல்லபடியாக நடந்தது. சோறு போடும்போது அவரிடம் சொன்னாள், நாளைக்கு நீங்களும் வந்து பேசுங்கள், நாம் முதலில் பார்த்துக்கொண்ட நாள், சுவரில் நம் படமும் இருக்கட்டும் என்று. அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வேலை நிறைய இருக்கிறது என்றார். யாருக்கோ கல்யாணத்துக்கு முன்னால் பல் வேண்டுமாம். அவள் விடாமல், அரை மணி நேரம்தானே என்றாள். அவர், தனக்குப் பேச வராது என்றார். பல் அச்சு எடுக்கும்போது வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் உலக விஷயம் முழுக்கப் பேசித் தீர்க்கிற மனிதர், தனக்குப் பேச வராது என்றார்.

அவள் கை கரண்டியோடு அப்படியே நின்றது. நாற்பது வருடத்தில் இவர் அந்தச் சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் ஓனருக்காக வாயைக் கட்டியிருந்தாள். இவருக்கு யார் கட்டுப்பாடு? தலையெல்லாம் வெள்ளையாக வெளியே வந்த ஒரு மனிதன் அதைத் தன் மனைவியிடம் ஒருமுறைகூடச் சொல்லிச் சிரிக்காமல் இருப்பானா?

இருக்கமாட்டான். உள்ளே இருந்திருக்கமாட்டான்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. துணி மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். கேட்டுவிடலாம்தான். அந்த ஒரே கேள்வியை அவரிடமும் கேட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் ஊரில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கேட்ட கேள்வி அவர் முன்னால் நாக்கைத் தாண்டி வரவில்லை. தப்பான பதில் வந்தால் என்ன செய்வது என்ற பயம். முதல் நாள் பேச்சே பொய் என்றால், அதன்மேல் கட்டிய குடும்பத்தில் எது நிஜம்? தன் வாழ்க்கையில் தான் நம்பிய ஒரே ஆள் இவர், இவரும் போய்விட்டால் தன்னிடம் மிச்சம் ஒன்றுமில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு, பட்டறையில் அவர் என்ன செய்கிறார் என்று கதவிடுக்கில் பார்த்தாள். மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தார். மெழுகில் பல் பதிப்பதுகூட அன்றைக்கு அவளுக்குச் சந்தேகத்துக்கு இடமாகத்தான் தெரிந்தது.

மறுநாள் மண்டபத்துக்கு ஒரு தையல்காரி வந்தாள். கடைத்தெரு முனையில் தையல் மிஷின் வைத்திருப்பவள், கேட் அக்காவைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். உட்கார்ந்ததும், தான் அன்றைக்கு உள்ளே போகவில்லை என்று முதல் வார்த்தையாகச் சொன்னாள். இத்தனை நாளில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான். பின்னே எதற்கு வந்தீர்கள் என்று மேனேஜர் சிரித்தாள்.

"ஆனா எல்லாப் பாட்டையும் கேட்டேன்மா. பின்பக்கச் சுவர்ல, தண்ணித் தொட்டிகிட்ட நின்னுக்கிட்டு. கையில டிக்கெட் இருந்தது. கள்ள டிக்கெட்னு கேட்ல திருப்பி அனுப்பிட்டாங்க." கேட் அக்காவை நேராகப் பார்த்தாள். பார்வையில் கோபம் எதுவும் இல்லை. "இவங்கதான்."

கேட் அக்கா, கள்ள டிக்கெட் என்றால் கள்ள டிக்கெட்தான், தன் கட்டை விரலுக்குத் தப்பாது என்று விறைப்பாகச் சொன்னாள். நல்ல டிக்கெட் தடி அட்டை, கள்ள டிக்கெட் மெல்லிய காகிதம். கண்ணை மூடிக்கொண்டே அவளால் பிரித்துவிட முடியும். தையல்காரி அதற்குச் சண்டை பிடிக்கவில்லை. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பத்திருபது பேர் பின்பக்கம் போய், மேலே இருந்த காற்றுத் துவாரங்கள் வழியாகக் கேட்டார்களாம். பாதியில் மழை பிடித்துக்கொண்டதாம். பலர் ஓடிவிட்டார்களாம். தானும் ஓடியிருப்பாளாம், பக்கத்தில் நின்ற ஓர் இளைஞன் எங்கிருந்தோ ஒரு தார்ப்பாய்த் துண்டைக் கொண்டுவந்து இருவர் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டானாம். ஒவ்வொரு பாட்டுக்கும் கூடவே முனகினானாம்.

"பல் கட்டற கடையில வேலை பாக்கற பையன். சட்டையெல்லாம் மாவு மாதிரி பிளாஸ்டர். சிரிச்சா முன்னாடி ஒரு தெத்துப்பல்" என்றாள் தையல்காரி. "அப்புறம் நான் அவனைப் பாக்கல. வேற ஊர்ல கல்யாணம் ஆகிப் போயிட்டேன், இப்பத்தான் திரும்பி வந்தேன்."

மேனேஜர், எவ்வளவு அழகான நினைவு என்று பூரித்துப்போனாள். கேட் அக்கா, தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவள் மனம் கிடந்து கொதித்தது. கள்ள டிக்கெட் வாங்கியவர் என்பதற்காகக் கோபப்படுவதா, ஒரே தார்ப்பாய்க்குள் இன்னொருத்தியோடு நின்றதற்காகக் கோபப்படுவதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே கோபப்பட்டுக்கொண்டாள். அந்தத் தையல்காரி ஊருக்குத் திரும்பி எத்தனை நாள் ஆகிறது? போன மாதம் இவர் சட்டை தைக்கக் கொடுத்தாரே, எங்கே கொடுத்தார்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்றைக்கு எதிரே வந்த தெருவிளக்குக் கம்பமே தையல்காரி மாதிரிதான் தெரிந்தது.

பட்டறையில் அவர் ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடாக்கி மெழுகை வழித்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பின்பக்கச் சுவர்ல நின்னீங்களா, இல்லையா?"

அவர் தேள் கொட்டிய திருடன் போலக் கத்தியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு விளக்கை ஊதி அணைத்தார். நின்றேன் என்றார்.

யாரோடு என்று கேட்டாள். மழைக்கு ஒதுங்கின ஒரு பெண்ணோடு என்றார். பெயர் தெரியாது, முகமும் இப்போது நினைவில்லை. அவர் குரலில் அதற்கு மேல் எதுவும் இல்லை என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது. அந்தச் சந்தேகம் வந்த வேகத்தில் ஓடிப்போனது. ஆனால் அடுத்தது போகவில்லை.

"கள்ள டிக்கெட் வாங்கிட்டு வந்தீங்க. என்கிட்ட மாட்டினீங்க. மறுநாள் வந்து உள்ள இருந்தேன்னு பொய் சொன்னீங்க."

"பொய் சொன்னது வாஸ்தவம்" என்றார் அவர். "டிக்கெட் நல்ல டிக்கெட்."

அவள் தன் கட்டை விரலைப் பற்றி ஆரம்பித்தாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும், அந்த டிக்கெட்டைத் தான் மண்டபத்துக் கவுன்ட்டரிலேயே வாங்கியதாகச் சொன்னார். ஓனர் தன் கையால் எடுத்துக் கொடுத்தாராம். அவருக்கு முன்னால் நின்றவருக்குக் கொடுத்தது தடி அட்டை. அதோடு அட்டை தீர்ந்துபோக, மேஜைக்குக் கீழிருந்து வேறு கட்டு ஒன்றைப் பிரித்தாராம். அதில் எல்லாம் மெல்லிய காகிதம்.

பச்சைப் பொய் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொல்லவில்லை. யாராவது ஒன்று சொன்னால் உடனே அதில் ஓட்டை தேடுகிற மூளை அவளுடையது. பழக்கதோஷத்தில் அது இப்போதும் தேடப் போயிற்று. அன்றைக்கு வாசல் திறப்பதற்கு முன்னால் ஓனர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "மெலிசா இருக்கறதெல்லாம் கள்ளம்மா. ஒருத்தரையும் விடாதே. உன்னை நம்பித்தான் இருக்கேன்" என்று சொன்னார். வாசல் திறப்பதற்கு முன்னால். அதுவரை வாசலில் ஒரு டிக்கெட்டையும் யாரும் நீட்டியிருக்கவில்லை. கள்ள டிக்கெட் மெல்லியதாகத்தான் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாலைச் சந்தேகப்பட்டவள், டாக்டரைச் சந்தேகப்பட்டவள், பெற்ற மகளைச் சந்தேகப்பட்டவள், இந்தக் கேள்வியை மட்டும் நாற்பது வருடமாகக் கேட்கவே இல்லை. உன்னை நம்பித்தான் இருக்கேன் என்ற ஒரு வார்த்தையில் கவிழ்ந்துவிட்டாள். இடத்துக்கு மீறி விற்றுவிட்டு, மீந்தவர்களைத் துரத்த அவளை வாசலில் நிறுத்தியிருக்கிறார். அவர் செத்தபோது அவருடைய சொந்தக்காரர்களைவிட அதிகமாக அழுதவள் அவள். அந்தத் தையல்காரி நல்ல டிக்கெட்டோடுதான் வந்திருக்கிறாள். இன்று காலையில்கூட அவள் முகத்துக்கு நேரே கள்ளம் என்று சொல்லியாயிற்று. கேட் அக்காவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

இதெல்லாம் உங்களுக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார். மறுநாள் மண்டபத்துக்கு வந்ததே சண்டை போடத்தான், டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது என்றார்.

"ஓனர் உன்னை எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுப் பாராட்டிக்கிட்டு இருந்தார். அன்னைக்குத்தான் உன் வேலையை நிரந்தரம் பண்ணினார். உங்கப்பா படுத்த படுக்கையா இருந்தார்னு பக்கத்துல யாரோ பேசிக்கிட்டாங்க. உன் முகத்துல அவ்வளவு சந்தோஷம். நான் டிக்கெட்டை வெளிய எடுத்தா வேலை உனக்குத்தான் போகும், அவருக்கு ஒண்ணும் ஆகாது." அவர் மேஜையில் உதிர்ந்திருந்த மெழுகைக் கையால் கூட்டினார். "வாயில வந்ததை முழுங்கிட்டு வேற எதையோ சொன்னேன். நீ சிரிச்சே."

"முந்தின நாள் திருப்பி அனுப்பின ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"நீ டிக்கெட்டைத்தான் பாத்தே. ஆளைப் பாக்கல."

கல்யாணத்துக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்றாள். நாற்பது வருடமாக நான் அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்களே என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். தொடவில்லை. கையெல்லாம் மெழுகு.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

எப்போதும் நாக்கு நுனியில் பதில் வைத்திருக்கிறவள், இதற்கு நிதானமாக யோசித்தாள். கையில் மெல்லிய டிக்கெட்டோடு ஒருவன் வந்து, இது நல்லது, உன் ஓனர்தான் திருடன் என்று சொல்லியிருந்தால், அன்றைக்கு வாசலில் நின்ற அந்த இளம் பெண் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆளை அனுப்பி வெளியே தள்ளியிருப்பாள். தெருவில் பார்த்தாலும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டாள். இந்த வீடு இல்லை, மகள் இல்லை, இந்தத் தெத்துப்பல்லும் இல்லை.

"நம்பியிருக்க மாட்டேன்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஜெயித்துவிட்ட தோரணை அதில் இல்லை. நெடுநாள் சுமந்த மூட்டையை இறக்கிவைத்த களைப்புதான் இருந்தது. அவளுக்கு அவர்மேல் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைவிட அதிகமாக, வேறு ஒன்று இருந்தது. மழையில், சுவருக்கு அந்தப் பக்கம், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு இவர் பாட்டோடு கூட முனகியது அவள் கண்முன்னே நின்றது.

காலையில் முதல் வேலையாகத் தையல்காரியைப் போய்ப் பார்க்கவேண்டும் என்றாள். அப்புறம் மேனேஜரிடம், வெளியே நின்றவர்களுக்கும் சுவரில் இடம் வேண்டும் என்று சொல்லவேண்டும். ஓனரைப் பற்றியும், தன்னைப் பற்றியும் தானே உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யவேண்டும்.

"நீங்களும் வாங்க. வந்து நடந்ததை நடந்தபடி சொல்லுங்க."

"நீ பக்கத்துல உக்காந்து என்ன கேப்பே?"

"ஒண்ணும் கேக்க மாட்டேன். நீங்க சொல்றதுதான்."

அவர் மெழுகுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். இத்தனை வருடக் குடித்தனத்தில் முதல்முறையாக, அவர் தன் மனைவியைச் சந்தேகத்தோடு பார்த்தார்.